செயற்கை இடுப்பு மூட்டு எத்தனை ஆண்டு வரும்?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

பொன்விழாக் கொண்டாட்டங்களுக்கிடையே உடல்நலத்துக்கென்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எங்களையும் அழைத்துப் பேசச் சொன்ன விழாக் குழுவினருக்கு எங்கள் உளமார்ந்த நன்றி. எதைப் பற்றிப் பேசலாம் என்று எங்களுக்குள் ஆலோசித்தபோது, எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டோம். “இந்தச் செயற்கை மூட்டு எத்தனை வருஷம் வரும்?” என்பதே அது. அறுவைச் சிகிச்சைக்கு முன் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். வலி நீங்கி, ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு நடக்கத் தொடங்கியதும் கேள்வியையும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மூட்டு மறப்பதில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளி தேய்ந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தேய்மானத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

ஆட்டுக்கல்லும் இடுப்பு மூட்டும்

இடுப்பு மூட்டு எப்படி இருக்கும் என்று விளக்கப் படம் தேவையில்லை. நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லின் குழியில் குழவி உருள்வதுபோல, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் தொடை எலும்பின் பந்து போன்ற தலை உருள்கிறது. இயற்கையான மூட்டில் இவ்விரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இடையே மூட்டு நீர் இருக்கிறது. நாம் நடக்கும்போது அந்த மூட்டின் மேல் விழும் சுமை நம் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அப்படியிருந்தும் குருத்தெலும்பு எழுபது எண்பது ஆண்டுகள் உழைக்கிறது.

குருத்தெலும்பு அழிந்துபோனால் எலும்போடு எலும்பு உராய்கிறது. மூட்டுவாதத்தால் இது நேரலாம். தொடை எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோவதாலும் நேரலாம். மதுப் பழக்கமும், மருத்துவர் சொல்லாமலே நீண்ட நாள் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் இதற்குக் காரணமாகின்றன. அதனால்தான் முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் எங்களிடம் வருகிறார்கள். முதியோர்களுக்கோ தவறி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிவதால் மாற்று மூட்டு தேவைப்படுகிறது. அறுவைச் சிகிச்சையில் கெட்டுப்போன தலையை எடுத்துவிட்டு, தண்டோடு கூடிய ஓர் உலோகக் கோளத்தைப் பொருத்துகிறோம். கிண்ணத்துக்குள் ஒரு புதிய கிண்ணத்தை வைக்கிறோம். கோளமும் கிண்ணமும் எந்தப் பொருளால் ஆனவை என்பதைப் பொறுத்துத்தான் அந்த மூட்டின் ஆயுள் அமைகிறது.

கிறீச்சிட்ட மூட்டு

இந்த வரலாற்றின் பெரும்பகுதி இங்கிலாந்தில், லங்காஷயர் மாவட்டத்தில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் நிகழ்ந்தது. ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் அங்கே பணியாற்றினார். அதற்கு முன்பே பலர் முயன்றிருந்தார்கள். 1891-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் தெமிஸ்டாக்ளீஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தால் மூட்டு செய்தார். 1946-இல் பாரிஸ் நகரில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் தொடை எலும்புத் தலை செய்து பொருத்தினார்கள்.

அத்தகைய அக்ரிலிக் தலை பொருத்தப்பட்ட ஒரு நோயாளி சார்ன்லியிடம் வந்தார். அவர் குனியும்போதெல்லாம் மூட்டு கிறீச்சென்று ஓசையிடும். சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் சாய்ந்தால் அந்த ஓசையைத் தாங்க முடியாமல் அவருடைய மனைவி எழுந்து வெளியே போய்விடுவாராம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், சார்ன்லி சிந்தித்தார். ஓசை வருகிறதென்றால் உராய்வு மிகுதி. உராய்வு மிகுதியென்றால் பொருத்திய பாகம் எலும்பிலிருந்து தளரும். ஆகவே மிகக் குறைந்த உராய்வுள்ள பொருளைத் தேட வேண்டும் என்று முடிவு செய்தார்.

டெஃப்லான் கற்பித்த பாடம்

அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள். வழுக்குவதில் அதற்கு இணை கிடையாது. 1958 முதல் ஏறக்குறைய முந்நூறு இடுப்புகளில் அதைப் பயன்படுத்தினார். வலியால் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1961-இல் “லான்செட்” மருத்துவ இதழில் தம் புதிய அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுதினார்.

ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் டெஃப்லான் கிண்ணங்கள் தேய்ந்துபோயின. உலோகக் கோளம் கிண்ணத்தைக் குடைந்து பல மில்லிமீட்டர் உள்ளே இறங்கிவிட்டது. உதிர்ந்த தூளைச் சுற்றிப் பாலாடைக்கட்டி போன்ற திசுக் கட்டிகள் வளர்ந்து எலும்பையே அரித்தன. வலுவூட்டும் பொருள் கலந்த டெஃப்லானையும் முயன்று பார்த்தார். அது உலோகக் கோளத்தின் மேற்பரப்பையே அராவிக் கெடுத்தது. வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு என்பதை உலகம் அன்றுதான் தெளிவாகக் கற்றுக்கொண்டது.

சார்ன்லி அந்த நோயாளிகளைக் கைவிடவில்லை. ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்து மறு அறுவை செய்தார். டெஃப்லான் தூளை உடல் எப்படி ஏற்கிறது என்று அறியத் தம் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார். பக்கத்தில் வேறொரு பிளாஸ்டிக்கான பாலிஎதிலீன் தூளையும் செலுத்திக்கொண்டார். ஒன்பது மாதம் சென்றபின் டெஃப்லான் இருந்த இடம் கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. பாலிஎதிலீன் இருந்த இடம் தெரியவே இல்லை. 1963-இல் இதையும் மறைக்காமல் இதழில் எழுதினார்.

தறிச் சக்கரத்திலிருந்து வந்த பொருள்

அந்தப் பாலிஎதிலீன் வந்த வழி சுவையானது. லங்காஷயர் நெசவாலைகள் நிறைந்த நாடு. 1962-ஆம் ஆண்டு மே மாதத்தில், தறிகளுக்கான பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கும் ஒருவர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட கெட்டியான பாலிஎதிலீன் துண்டு ஒன்றைக் காட்டினார். சார்ன்லி அதைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்து, இது ஆகாது என்று போய்விட்டார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் மட்டும், ‘சோதித்துத்தான் பார்ப்போமே’ என்று தாம் செய்திருந்த தேய்மானச் சோதனை இயந்திரத்தில் அதைப் பொருத்தி இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை!

1962 நவம்பர் முதல் சார்ன்லி அதை நோயாளிகளுக்குப் பொருத்தினார். 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உலோகக் கோளம், தடித்த பாலிஎதிலீன் கிண்ணம், இரண்டையும் எலும்பில் பதிக்க அக்ரிலிக் சிமெண்டு. பல ஆண்டுகள் தாமே பின்தொடர்ந்து பார்த்த பிறகே மற்ற மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்த இசைந்தார். இன்னொன்றும் செய்தார். “உங்கள் காலத்துக்குப் பின் இந்த மூட்டை எங்களுக்குத் திருப்பித் தருவீர்களா?” என்று தம் நோயாளிகளிடம் கேட்டார். மிகப் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு இசைந்தார்கள். அப்படித் திரும்பி வந்த கிண்ணங்களை அளந்து பார்த்துத்தான், உயிருள்ள உடலில் மூட்டு எந்தத் திசையில், எவ்வளவு தேய்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். இன்று நடக்கும் நம் பாட்டி தாத்தாக்களுக்கு, முகம் தெரியாத அந்த லங்காஷயர் மக்கள் விட்டுச் சென்ற சொத்து அது.

ஒரு கீறல் செய்யும் வேலை

பாலிஎதிலீன் மெதுவாகத் தேய்கிறது, தேயாமல் இல்லை. பழைய வகைக் கிண்ணங்கள் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தன. ஒருவர் ஓராண்டில் ஒவ்வொரு காலாலும் ஏறக்குறைய பத்து இலட்சம் அடி வைக்கிறார் என்று பொறியியலார் கணக்கிடுகிறார்கள். ஆகவே மூட்டின் தேய்மானத்தை ஆண்டுக் கணக்கில் பார்ப்பதைவிட அடிக் கணக்கில் பார்ப்பதே சரி. ஓடியாடும் நாற்பது வயதுக்காரரின் மூட்டு, வீட்டோடு இருக்கும் எழுபது வயதுக்காரரின் மூட்டைவிட விரைவில் தேயும்.

கோளத்தின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். அதன் சொரசொரப்பு ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. அவ்வளவு நுணுக்கமான பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? உழவு சாலின் இருபுறமும் மண் மேடிடுவதுபோல, கீறலின் இரு கரையிலும் உலோகம் சற்றே மேலெழும்புகிறது. அந்த விளிம்பு அரம்போலப் பிளாஸ்டிக்கைச் சுரண்டுகிறது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டங்கன் டௌசனும் அவருடைய துணைவர்களும் 1987-இல் சோதித்துக் காட்டினார்கள்: குறுக்கே விழுந்த ஒரே ஒரு கீறல், பாலிஎதிலீன் தேய்மானத்தைப் பத்து மடங்காக உயர்த்தக்கூடும்.

கீறல் எப்படி விழுகிறது? சிமெண்டுத் துணுக்கு ஒன்று உடைந்து இடையில் மாட்டினால் போதும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சிமெண்டில் கலக்கப்படும் கடினமான துகள்கள் உலோகத்தைக் கீறிவிடும். மாவில் மணல் விழுந்த கதைதான். மூட்டு நழுவி மறுபடி பொருத்தப்படும்போது கிண்ணத்தின் உலோக ஓரத்தில் கோளம் உரசினாலும் கீறல் விழும். தரையில் முழுவதும் குந்தி உட்கார்ந்தால் தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, விளிம்பு சிதையும். ‘குந்தாதீர்கள்’ என்று நாங்கள் சொல்வது மூட்டு நழுவும் என்பதற்காக மட்டும் அன்று, இதற்காகவும்தான்.

உதிர்ந்த தூள் எங்கே போகிறது?

தாய்மார்களுக்கு ஒன்று தெரியும். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் அரைத்ததை யாரும் குழம்பில் போடமாட்டார்கள். கல் தூள் இருக்கும் என்று வெளியே கொட்டிவிடுவார்கள். மூட்டில் உதிரும் தூளைக் கொட்ட இடம் ஏது? அது உடலுக்குள்ளேயே தங்குகிறது.

ஒரு சிறு கணக்கு. 22 மில்லிமீட்டர் கோளம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் கிண்ணத்தில் இறங்கினால், உதிரும் பிளாஸ்டிக் ஏறக்குறைய 38 கன மில்லிமீட்டர். இரண்டு மூன்று அரிசி மணி அளவு. இதே வேகத்தில் 32 மில்லிமீட்டர் கோளம் இறங்கினால் உதிர்வது இரண்டு மடங்கு. சார்ன்லி சிறிய கோளத்தை விரும்பியதன் பொருள் இதிலிருந்து விளங்கும். இரண்டு மூன்று அரிசி மணிதானே என்று எண்ண வேண்டாம். அது அரை மைக்ரான் அளவுத் துகள்களாக உதிர்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒவ்வோர் அடிக்கும் இலட்சக்கணக்கான துகள்கள்!

உடலின் விழுங்கு அணுக்கள் இத்துகள்களைக் கிருமி என்று எண்ணி விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. உடனே அபாயச் செய்தி அனுப்புகின்றன. அதைக் கேட்டு எலும்பைக் கரைக்கும் அணுக்கள் கூடி, மூட்டைச் சுற்றியுள்ள நல்ல எலும்பைத் தின்னத் தொடங்குகின்றன. முதலில் மருத்துவர்கள் சிமெண்டின் மேல் பழி போட்டார்கள்; “சிமெண்டு நோய்” என்றே 1987-இல் அதற்குப் பெயர் வழங்கினார்கள். சிமெண்டு இல்லாமல் பொருத்திய மூட்டுகளிலும் அதே அரிப்பு தோன்றியபோதுதான், தேய்மானத் தூளே மூலகாரணம் என்று உறுதியாயிற்று.

இதில் மிகவும் அஞ்சத் தக்கது என்னவென்றால், பெரும்பாலும் இந்த அரிப்பு வலிப்பதே இல்லை. கறையான் தின்ற உத்தரம் வெளியே பார்க்க நன்றாக இருப்பதுபோல, நோயாளி நன்றாகவே நடப்பார். எக்ஸ்ரே படத்தில் மட்டும் எலும்பில் ஓட்டைகள் தெரியும். ஒரு நாள் மூட்டு தளரும், அல்லது எலும்பு முறியும். அப்போது செய்யும் மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினம், செலவும் அதிகம். மூட்டைப் பதிக்க எலும்பே போதாமல் போகலாம்.

தேய்மானத்தைக் குறைக்கும் முயற்சிகள்

அறிஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1970-இல் பிரான்சில் பியேர் பூத்தேன் என்ற மருத்துவர் அலுமினா என்னும் பீங்கானால் மூட்டு செய்தார். பீங்கான் எளிதில் கீறப்படாது, மிகக் குறைவாகவே தேயும். அரிதாக உடையும், உடைந்தால் சில்லுகள் திசுக்களில் தைத்துக்கொள்ளும். அதற்குப் பின் அங்கே உலோகக் கோளத்தை வைத்தால், மிச்சமிருக்கும் சில்லுகள் அதை அராவிவிடும்.

பாலிஎதிலீனிலும் ஒரு குறை கண்டுபிடித்தார்கள். கிருமி நீக்கக் காமாக் கதிரைக் காற்றுள்ள உறையில் செலுத்தியதால், பிளாஸ்டிக் நாளடைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து நொறுங்கும் தன்மை பெற்றது. 1990-களில் காற்றில்லா உறைக்கு மாறினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில், மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து வலுவாக்கிய புதிய பாலிஎதிலீன் வந்தது. அதன் தேய்மானம் பழையதில் சிறு பங்குதான். இன்று பெரும்பாலும் பொருத்தப்படுவது அதுவே.

எல்லா முயற்சியும் நன்மையில் முடியவில்லை. பிளாஸ்டிக் தூளே வேண்டாம் என்று, கோளம் கிண்ணம் இரண்டையும் கோபால்ட் குரோமிய உலோகத்தால் செய்த மூட்டுகள் மீண்டும் பரவின. அவற்றில் சிலவற்றின் கிண்ண ஓரத்தில் கோளம் உரசி, உலோகத் துகள்களும் அயனிகளும் இரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றித் தசைகள் அழிந்து கட்டிகள் தோன்றின. டீப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டு, ஐந்தே ஆண்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு மறு அறுவையை வரவழைத்ததாகப் பதிவேடுகள் காட்டின. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரிலும், உலகெங்கும் 2010 ஆகஸ்டிலும் அது திரும்பப் பெறப்பட்டது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 பேர்.

இனி வரும் செய்தியை அருள்கூர்ந்து கவனியுங்கள். அந்த 4,700 பேரில் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள், தம் இடுப்பில் இருப்பது எந்த மூட்டு என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதே கேள்விக்குறியாயிற்று. 2018-இல் மத்திய அரசு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 இலட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று கணக்கு வகுத்தது. தம் மூட்டின் பெயரே தெரியாதவர் எப்படி வந்து கேட்பார்? சுவீடன் நாடு 1979 முதலே ஒவ்வோர் இடுப்பு மூட்டையும் பதிவேட்டில் ஏற்றி வருகிறது. அங்கே நாடு வைத்திருக்கும் கணக்கை, இங்கே நம் வீட்டு அலமாரியிலாவது நாம் வைத்திருக்க வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு பெரியவரின் கதை இதற்குச் சான்று. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் மூட்டு பொருத்திக்கொண்டவர். தளர்ந்துபோன கிண்ணத்தை மட்டும் மாற்றினால் போதும். தண்டு உறுதியாக இருந்தது. ஆனால் அந்தத் தண்டுக்குப் பொருந்தும் கோளம் எந்த நிறுவனத்தினுடையது, எந்த அளவு என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. வீடு மாறியபோது பழைய காகிதங்களோடு போய்விட்டதாம். நன்றாக இருந்த தண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஐந்து மணி நேரம் நீடித்தது. அவர் பிழைத்து நடக்கிறார். என்றாலும் அந்த வேதனை தேவையற்றது.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, மூட்டின் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டிய சிறு சீட்டுகள் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். குடும்ப அட்டை, நிலப் பத்திரம் இவற்றோடு சேர்த்து வையுங்கள். ஒரு படி பிள்ளைகளிடமும் இருக்கட்டும்.

இரண்டாவது, வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் குறித்த நாளில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோளம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். எலும்பு கெடுமுன் தேய்ந்த கிண்ணத்தை மட்டும் மாற்றுவது சிறிய வேலை.

மூன்றாவது, தொடைமடிப்பில் புதிதாக வலி, மூட்டில் ஓசை, கால் குட்டையாவது, வீக்கம், இவற்றில் எது கண்டாலும் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திராதீர்கள்.

நான்காவது, நடை நல்லது, நடங்கள். ஓட்டமும் குதியும் பாரம் தூக்குவதும் வேண்டாம். உடல் எடையைக் குறைத்தால் மூட்டின் சுமை இரண்டு மூன்று மடங்காகக் குறையும் என்பதை மறவாதீர்கள்.

அன்பர்களே! தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் முடிக்கலாகாது. 2019-இல் “லான்செட்” இதழில் வெளிவந்த ஆய்வு, ஆஸ்திரேலிய, பின்லாந்து நாட்டுப் பதிவேடுகளை வைத்துக் கணக்கிட்டது. இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 89 பதினைந்து ஆண்டுகளும், 70 இருபது ஆண்டுகளும், 58 இருபத்தைந்து ஆண்டுகளும் மாற்றாமல் உழைத்திருக்கின்றன. அவற்றில் பல பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. புதியவை இன்னும் நீண்ட நாள் உழைக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் உங்கள் மூட்டு அந்த 58-இல் ஒன்றா, மற்ற 42-இல் ஒன்றா என்பதை உங்கள் நடையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே படம் சொல்லும்.

இக்கூட்டத்தில் செயற்கை மூட்டோடு அமர்ந்திருப்பவர்கள் சிலர் இருப்பீர்கள். வீட்டில் பெரியவர்களுக்கு அது பொருத்தப்பட்டவர்கள் பலர் இருப்பீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், அறுவை செய்த மருத்துவமனையில் குறிப்பேடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். கடைசியாக எக்ஸ்ரே எடுத்து எத்தனை ஆண்டாயிற்று என்றும் எண்ணிப் பாருங்கள்.